வாலில்லாத கோப்பு

இரவு பதினொன்றே காலுக்கு ஜெமீலா கூப்பிட்டாள்.
“புகார்ப் பெட்டியில நாப்பத்திரெண்டுன்னு காட்டுது,
திறந்தா முப்பத்தொண்ணுதான் இருக்கு.
மத்ததெல்லாம் எங்கக்கா போச்சு?”

ஐப்பசி அடைமழை.
மன்னார்குடி கீழராஜவீதியில் முழங்கால் தண்ணீர்.
விதைக் கம்பெனியின் சர்வர்
மாடிப்படிக்கு அடியில், சாக்குகளோடு சாக்காக,
பூஞ்சைமருந்து வாடையில்
ஈரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

லாக் முழுக்க ஒரே புலம்பல்.
இன்டெக்ஸ் கெட்டது. எண்ணிக்கை குறைந்தது.
சரிசெய்கிறேன்.
இன்டெக்ஸ் கெட்டது.
பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனேன்,
புரட்டாசி தாண்டி ஆவணிக்கு.
இருபத்தேழாம் தேதி, பிற்பகல் இரண்டு பத்து:
எழுதிக்கொண்டிருந்த கையோடு கரண்ட் போயிருக்கிறது.
யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம்.
புதிது கேட்டு நான் எழுதிய தாள்
கலியமூர்த்தி சார் மேஜையில்
கண்ணாடிக் குண்டுக்கு அடியில் சௌக்கியம்.

கடிதம் எங்கும் போகவில்லை ஜெமீலா.
வயல் கிடக்கிறது, அடங்கல்தான் பிழை.
நஞ்சையைத் தரிசு என்று எழுதினால்
நெல் என்ன எழுந்தா போய்விடும்?

போனில் சொல்ல நன்றாகத்தான் இருந்தது.
அழி என்று தட்ட வேண்டிய விரல் மட்டும்
சாவிப்பலகைக்கு மேலேயே நின்றது.
அந்தச் சொல் நிச்சயமா என்று திருப்பிக் கேட்காது.

சர்வீஸை நிறுத்தினேன்.
முழுப் பெட்டிக்கும் ஒரு நகல் எடுத்தேன்.
இன்டெக்ஸ், அதன் லாக், அதன் கேஷ்:
இந்த மூன்றும் போகலாம்.
யுஐடி பட்டியல் போகக் கூடாது.
போன மார்கழியில் அதையும் சேர்த்து வழித்தெறிந்து,
பதினாறு கணினியும் பழைய கடிதம் அத்தனையையும்
முதலிலிருந்து இறக்க ஆரம்பித்து,
இரண்டு நாள் ஆபீஸே முட்டிக்கொண்டு நின்றது.

அழித்தேன்.
திரும்ப எண்ணச் சொன்னேன்.

அது அடைவுக்குள் ஒவ்வொரு கோப்பாகப் போய்
தலையைத் தடவி வாலைத் தடவிப்
புதுக்கணக்கு எழுதத் தொடங்கியது.
கோப்புப் பெயரின் தலையில் வந்துசேர்ந்த நொடி.
வாலில் ஓர் எழுத்து.
எஸ் இருந்தால் படித்தாயிற்று,
ஆர் இருந்தால் பதில் போயிற்று,
வாலே இல்லையென்றால்
இன்னும் ஒரு கண்ணும் படவில்லை.

முப்பத்தொன்று. முப்பத்தாறு. நாற்பத்திரண்டு.
நாற்பத்து மூன்று.

“அக்கா, ஒண்ணு கூடுதலா இருக்கு.”

பக்கிரிசாமி, தலைஞாயிறு.
‘லாட் 118 முளைக்கல. மூணு ஏக்கர். போட்டோ வச்சிருக்கேன்.’

தலைப்பு வரைதான் எனக்கு. உள்ளே போகக் கூடாது.
ஜெமீலா திறந்தாள்.
வெகுநேரம் மழைச் சத்தம்தான் கேட்டது.
லாட் 118 பற்றிப் புகார் ஏதும் இல்லை என்று
விதை ஆய்வாளருக்குப் போன வாரம் கடிதம் அடித்தவள்
அவள்தான்.

கல்லணைத் தண்ணீர் தலைஞாயிறு போய்ச்சேரக்கூட
இத்தனை நாள் ஆகாது.

காலையில் கலியமூர்த்தி சார் வந்தார்,
வேட்டியைப் பிழிந்துகொண்டே.
“ஏம்மா, ராத்திரி ரிப்பேர் பண்ணப்பதானே இது வந்துச்சு?
நேத்துதான் வந்துச்சுன்னு வச்சுக்கலாம்ல?”

கோப்பின் பெயரைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.
பத்து இலக்கம்.
“இது என்ன, அந்த ஆளு போன் நம்பரா?”
“இல்ல சார், வந்த நொடி.
ஆவணி இருபத்தேழு. ரெண்டு பத்து.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திரும்பவும் போட்டுப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் மாடியேறினார்.
படி என் தலைக்கு மேலேயே முனகியது.

மத்தியானத்துக்குள் ஐந்தாறு தடவை
அந்த அடைவைத் திறந்து வாலைப் பார்த்துவிட்டேன்.

எஸ் மட்டும்தான் இருக்கிறது.